அவசரப்பட்டால் எலும்பும் மாவாகும்!

பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் பளிச்சென்று வெள்ளையாக ஓர் ஆட்டு மண்டையோடு. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் பையன், "அம்மா, நாமும் ஒன்று செய்து வைப்போமா?" என்று கேட்கிறான். "சீ, வீட்டிலா!" என்கிறாள் அம்மா. பாட்டியோ காதைப் பொத்திக்கொள்கிறாள்.

பயப்பட ஒன்றுமில்லை. கறிக்கடையில் வாங்கும் ஓர் ஆட்டுத் தலை போதும். செலவும் அதிகமில்லை. வேண்டியதெல்லாம் பொறுமைதான். அது இல்லாவிட்டால் மண்டையோடு மஞ்சளாகும், நாறும், கடைசியில் தொட்டால் உதிரும்.

எந்தத் தலை நல்லது?

கறிக்கடைகளில் தலையை நெருப்பில் வாட்டிப் பிளந்து தருவது வழக்கம். "வாட்ட வேண்டாம், பிளக்க வேண்டாம், முழுசாகத் தாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

வயலோரம் செத்துக் கிடக்கும் மாட்டின் தலைக்கு ஆசைப்படக் கூடாது. அது எந்த நோயில் செத்ததோ! அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸ் நோயில் செத்த மாட்டை அறுத்தால், அந்தக் கிருமி மனிதனையும் பிடிக்கும், உயிரையே வாங்கிவிடும். மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும் கிருமி அது. கால்நடை திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் இரத்தம் வழிந்தால், அதைத் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மான், நரி, சிறுத்தை போன்ற காட்டு விலங்குகளின் மண்டையோடும் வேண்டாம். "காட்டில் கிடந்தது, எடுத்து வந்தேன்" என்றாலும் சட்டம் விடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

அடுப்பில் ஏற்றாதீர்கள்!

பலரும் செய்யும் முதல் தவறு, தலையைக் கொதிக்கக் கொதிக்க வேக வைப்பது. இறைச்சி சீக்கிரம் கழன்றுவிடும், உண்மைதான். ஆனால் உருகிய கொழுப்பு எலும்புக்குள் புகுந்துகொள்ளும். மூக்குப் பக்கத்து மெல்லிய எலும்புகள் பிரிந்து போகும்.

பச்சைத் தண்ணீரே நல்ல வேலைக்காரன். முதலில் பெரியவர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு தோலை உரிக்க வேண்டும். கண், நாக்கு, பெரிய தசை ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். கழுத்தெலும்பு சேரும் இடத்தில் ஒரு துளை இருக்கும். அதில் வளைத்த கம்பியை விட்டுக் கலக்கித் தண்ணீர் ஊற்றினால் மூளை வெளியே வந்துவிடும்.

பிறகு, மூடியுள்ள வாளியில் தலை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, வீட்டுக்குத் தள்ளி, நாய் உருட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீரில் பெருகும் கிருமிகள் மிச்ச இறைச்சியைத் தின்றுவிடும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். நாற்றம் பலமாக இருக்கும். தண்ணீரை மாற்றும்போது பாதியை விட்டு வையுங்கள். வேலை செய்யும் கிருமிகள் அதில்தான் இருக்கின்றன. கொட்டும் தண்ணீரைச் சல்லடையில் வடிகட்ட மறக்காதீர்கள். கழன்ற பற்கள் அதில் வந்துவிடும்!

கொம்பின் மேலோடும் ஊறிக் கழன்று வரும். அதைத் தனியே கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

அருங்காட்சியகங்களில் இந்த வேலைக்கு ஒரு வகை வண்டை வளர்ப்பதுண்டு. கருவாட்டை அரித்துத் தின்கிறதே, அதே வண்டுதான்! வீட்டுக்கு அது வேண்டாம். கம்பளித் துணியையும் தோல் சாமானையும் விட்டு வைக்காது.

கொழுப்பும் வெளுப்பும்

எலும்பு சுத்தமானதும் வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். உள்ளே கொழுப்பு இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஊற வையுங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். கலங்காமல் தெளிவாக நிற்கும்வரை, வாரக் கணக்கானாலும், இதையே செய்யுங்கள்.

வெளுக்கப் பிளீச்சிங் பவுடர் போடுவது இரண்டாவது தவறு. அது எலும்பைப் பிணைத்து வைத்திருக்கும் பொருளையே அரித்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் சரியானது. 3 சதவீதம் போதும். புட்டியில் 6 சதவீதம் என்றிருந்தால் சம அளவு தண்ணீர் சேர்க்கலாம். ஓரிரு நாள் ஊறட்டும். அதிலிருந்து வாயு கிளம்புவதால் பாத்திரத்தை இறுக மூடக் கூடாது. கொம்பை அதில் போட்டால் நிறம் போய்விடும். குழந்தைகள் இதைத் தொடவே வேண்டாம்.

பிறகு நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் பல் வெடிக்கும். உதிர்ந்த பற்களை அதனதன் குழியில் பசை வைத்துப் பொருத்தி, கொம்பையும் மாட்டினால் மண்டையோடு தயார்.

பாட்டி சொன்ன வயது

இத்தனை பாடு எதற்கு? பாருங்கள்: ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது! கீழே எட்டு. கடைவாயில் மேலும் கீழுமாக 24. ஆக மொத்தம் 32. மனிதனுக்கும் அதே 32தான். புத்தகத்தில் படித்தால் மறந்து போகலாம்; கையில் எடுத்து எண்ணிய பிள்ளை மறக்காது.

கீழ்ப் பற்களில் வயதும் எழுதியிருக்கிறது. பால்பல் விழுந்து பெரிய பல் இரண்டு முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டிய ஆடு. நாலு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு வயது.

ஆடு மேய்த்து வளர்ந்த பாட்டிக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காதைப் பொத்திக்கொண்ட அதே பாட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டையோட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பாள். "அடேய், இது ரெண்டு பல் கிடாடா!" என்பாள். அன்றைக்கு விஞ்ஞானப் பாடம் நடத்துகிறவள் அவள்தான்.