பூனைக்கு யூரினரி பிரச்சினையா? பாக்கெட்டுக்கு முன்னால் தண்ணீரைக் கவனியுங்கள்

உங்கள் பூனை மணல் பெட்டிக்கு அடிக்கடி போகுது, ரொம்ப நேரம் உட்காருது, ஆனா வருவது ரெண்டு சொட்டுதான். பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோவோ கிள்ளான் தாமான் வீடோ, பலரும் உடனே செய்வது ஒன்றுதான்: 'யூரினரி' என்று எழுதிய பாக்கெட்டைத் தேடி பெட் ஷாப்புக்குப் போவது. அந்த உணவு உதவலாம். ஆனால் எந்தப் பிரச்சினைக்கு எந்த உணவு என்று தெரியாமல் வாங்கினால் காசும் போகும், நேரமும் போகும்.

எப்போது உணவைப் பற்றி யோசிக்கவே கூடாது?

ஆண் பூனை முக்குகிறது, கத்துகிறது, அடிக்கடி நக்கிக்கொள்கிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசர நிலை. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகியது. அது அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். 'மலச்சிக்கலா இருக்கும், காலையில பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள். அன்று இரவே 24 மணி நேர கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். வலிக்குப் பெனடோல் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள பாராசிட்டமோல் பூனைக்கு விஷம்.

என்ன காரணம்?

பத்து வயதுக்குட்பட்ட பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சிதான் இருக்கும். மன அழுத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கல் இருந்தால், பெரும்பாலும் இரண்டு வகைகளில் ஒன்று. ஸ்ட்ருவைட் என்பது மெக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் சேர்ந்தது. சிறுநீரில் காரத்தன்மை கூடும்போது உருவாகும். இதைச் சிறப்பு உணவாலேயே சில வாரங்களில் கரைக்க முடியும். கால்சியம் ஆக்ஸலேட் அப்படியில்லை. எந்த உணவும் அதைக் கரைக்காது. டாக்டர்தான் அகற்ற வேண்டும்.

அமெரிக்கா கற்ற பாடம்

கல்லின் வகை ஏன் முக்கியம் என்பதை மினசோட்டா பல்கலைக்கழகக் கல் ஆய்வு மையத்தின் கணக்கு காட்டுகிறது. 1981இல் அங்கே வந்த பூனைக் கற்களில் 78 விழுக்காடு ஸ்ட்ருவைட், வெறும் 2 விழுக்காடுதான் கால்சியம் ஆக்ஸலேட். அதன் பிறகு உணவு நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்தன, சிறுநீரில் அமிலத்தன்மை கூடும்படி உணவை மாற்றின. ஸ்ட்ருவைட் குறைந்தது. ஆனால் 2002இல் கால்சியம் ஆக்ஸலேட் பாதிக்கும் மேல் போய்விட்டது. உணவு மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அமிலத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் அதோடு உடைந்தது. அதனால் வைட்டமின் சி, கிரான்பெரி மாத்திரை எதையும் நீங்களாகவே சேர்க்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு

கல்லோ அழற்சியோ, பெரும்பாலும் உதவுவது ஒன்றுதான்: சிறுநீரை நீர்க்கச் செய்வது. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் குறைவு, சிறுநீர் அடர்த்தி அதிகம்.

4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் தேவை. உலர் உணவில் ஈரம் 10 விழுக்காடுகூட இருக்காது. 60 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது சுமார் 6 மில்லி. டின், பௌச் உணவில் ஈரம் ஏறக்குறைய 80 விழுக்காடு. 85 கிராம் பௌச் ஒன்றிலேயே 65 மில்லிக்கு மேல் கிடைத்துவிடும். உலர் உணவு சாப்பிடும் பூனை கிண்ணத்திலிருந்து அதிகம் குடிக்கும்தான், ஆனால் மொத்தக் கணக்கு பெரும்பாலும் ஈடாகாது.

1999இல் வெளியான ஓர் ஆய்வில், அழற்சி வந்த 46 பூனைகளுக்கு ஒரே வகை உணவை டின்னாகவும் உலர்ந்த வடிவிலும் பிரித்துக் கொடுத்தார்கள். ஓராண்டில் உலர் உணவுக் குழுவில் 39 விழுக்காட்டுக்குப் பிரச்சினை திரும்ப வந்தது. டின் உணவுக் குழுவில் 11 விழுக்காடுதான். சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் பெரியது.

வீட்டுச் சாப்பாடு போதாதா?

அவித்த கெம்போங் மீனும் சோறும் நம்ம வீடுகளில் வழக்கம். எப்போதாவது கொடுத்தால் பரவாயில்லை. தினமும் அதுவே என்றால் கால்சியம், பாஸ்பரஸ் அளவு சரியாக அமையாது. பூனைக்கு அவசியமான டாரின் சத்தும், அவித்த தண்ணீரோடு கொட்டப்பட்டுவிடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த கறி மிச்சம் எதுவும் வேண்டாம். அவை பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

புரட்டாசி விரதம் நமக்குத்தான், பூனைக்கு இல்லை. அது இறைச்சி தின்றே வாழும் பிராணி. தாவர உணவு சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டி, ஸ்ட்ருவைட் உருவாக வழி செய்யும்.

சரி, எதை வாங்கலாம்?

பேரங்காடியில் கிடைக்கும் 'யூரினரி கேர்' உணவும், டாக்டர் பரிந்துரைக்கும் சிகிச்சை உணவும் ஒன்றல்ல. கல்லைக் கரைக்கப் பிந்தையதுதான் வேண்டும். அதைக் கொடுக்கும் காலத்தில் வேறு தீனி, டிரீட் எதுவும் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ள பூனை, குட்டி, சினைப் பூனை ஆகியவற்றுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தினமும் பௌச் வாங்கக் கட்டுப்படியாகலையா? ஒரு வேளை பௌச், ஒரு வேளை உலர் உணவு என்று தொடங்கலாம். பௌச்சில் இரண்டு மூன்று கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் கலக்கலாம். நம்ம வெயிலில் ஈர உணவு சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். தண்ணீர்க் கிண்ணங்களை வீட்டில் இரண்டு மூன்று இடங்களில், மணல் பெட்டிக்குத் தள்ளி வையுங்கள்.

புதிய உணவுக்கு 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள். 'பசிச்சா தானா சாப்பிடும்' என்று பட்டினி போடாதீர்கள். சில நாள் சாப்பிடாவிட்டால் பூனையின் கல்லீரல் பாதிக்கப்படும், குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். தீபாவளிப் பட்டாசு நேரத்தில் அது ஒளிந்துகொள்ள அமைதியான ஓர் அறையும் வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

கல் இருக்கிறதா, எக்ஸ்ரேயில் தெரிகிறதா? இருந்தால் எந்த வகையாக இருக்க வாய்ப்பு? இந்த உணவை எத்தனை வாரம் கொடுக்க வேண்டும், மறுபரிசோதனை எப்போது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு பாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீரைக் கூட்டுவதை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடலாம்.