நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

1521-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படைகள் தாக்கின. கோட்டையைக் காத்து நின்ற வீரர் ஒருவரின் காலைப் பீரங்கிக் குண்டு தாக்கி எலும்பை நொறுக்கிற்று. அவரே பின்னாளில் இயேசு சபையைத் தோற்றுவித்த புனித லொயோலா இஞ்ஞாசியார் ஆவார். நோயுற்றுப் படுத்திருந்த நாட்களில் கிறிஸ்துநாதரின் வாழ்வையும் புனிதர்களின் வரலாறுகளையும் படித்து அவர் மனந்திரும்பினார் என்பதை மறையுரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கால் என்னவாயிற்று என்பதைச் சிலரே அறிவர்.

முதலில் பொருத்தப்பட்ட எலும்பு சரியாக அமையவில்லை. ஆகவே மருத்துவர்கள் அதனை மீண்டும் முறித்துப் பொருத்தினர். மயக்க மருந்து என்பதையே அறியாத காலம் அது! புண் ஆறிய பின்னர் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று புடைத்து நின்றது, காலும் குட்டையாகிவிட்டது. அரசவைக்குரிய தோற்றத்தைப் பெரிதும் விரும்பிய இஞ்ஞாசியார், புடைத்த எலும்பை அறுத்தெடுக்கச் செய்தார். பின்னர்க் கருவிகளைக் கொண்டு பல நாட்கள் காலை இழுத்து நீட்டவும் முயன்றனர். அத்தனை வேதனையும் பயன் தரவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் சற்றே நொண்டித்தான் நடந்தார்.

வளர்ந்த மனிதரின் குட்டையான எலும்பை நீட்ட இயலுமா? எலும்பின் ஒரு பகுதி அழிந்தால் அவ்விடத்தில் புதிய எலும்பை வளரச் செய்ய முடியுமா? இவ்வினாக்களுக்கு உறுதியான விடை கண்டவர் சோவியத் நாட்டு மருத்துவரான காவ்ரீல் இலிசாரவ் என்பவர். இஞ்ஞாசியார் காயமுற்று நானூறு ஆண்டுகள் கழிந்து, 1921-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார்.

எலும்பு உயிருள்ளது

எலும்பு என்றவுடன் கல்லைப் போன்ற, உயிரற்ற ஒரு பொருளையே நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. வளர்ந்த மனிதரின் உடலிலுள்ள 206 எலும்புகளிலும் இரத்தம் ஓடுகிறது. பழைய எலும்பை அரித்து அகற்றும் செல்களும், புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அவற்றில் ஓயாது உழைக்கின்றன. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் நம் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி புதிதாக மாற்றியமைக்கப்பட்டு விடுகிறது.

தோலில் ஆழமான வெட்டுப்பட்டால் அது ஆறிய பிறகும் தழும்பு எஞ்சி நிற்கும். எலும்போ முறிந்தால் மீண்டும் எலும்பாகவே கூடுகிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பின்னர் மென்மையான குருத்தெலும்புப் பாலம் ஒன்று உருவாகி, மெல்ல மெல்லச் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகுகிறது. எனினும் இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. முறிந்த முனைகள் மிகுதியாக அசையக் கூடாது. அவை ஒன்றையொன்று நெருங்கியிருக்க வேண்டும். இரத்த ஓட்டம் குன்றக் கூடாது. சீழ் பிடிக்கக் கூடாது. இவை தவறினால் எலும்பு கூடாமலே நின்றுவிடும். மூட்டு இல்லாத இடத்தில் மூட்டுப் போல அசையும் அந்நிலையை மருத்துவர்கள் 'பொய் மூட்டு' என்பர். முற்காலத்தில் இத்தகைய நோயாளிகள் பலருக்கு, காலை வெட்டி அகற்றுவதே முடிவாயிற்று.

சைபீரியாவில் ஒரு கிராம மருத்துவர்

இலிசாரவ் ஏழை யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். காக்கசஸ் மலைப்பகுதியில் வளர்ந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையின் காரணமாகத் தாமதமாகவே பள்ளியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின் நடுவே மருத்துவம் பயின்று, 1944-இல் பட்டம் பெற்று, மேற்குச் சைபீரியாவின் கூர்கான் பகுதியிலுள்ள தோல்கோவ்கா என்னும் சிற்றூருக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். போரில் காயமுற்ற பலர் கூடாத எலும்புகளோடும் வளைந்த கால்களோடும் துன்புற்ற காலம் அது. மாவுக்கட்டில் மாதக்கணக்காகக் கிடந்தவர்களின் தசைகள் மெலிந்தன, மூட்டுகள் இறுகின.

நோயாளியைப் படுக்கையில் கிடத்தாமலே எலும்பை அசையாது பிடித்து வைக்க வழியில்லையா என்று இலிசாரவ் ஆராய்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி மிகவும் எளியது. காலைச் சுற்றி உலோக வளையங்கள். மெல்லிய எஃகுக் கம்பிகள் எலும்பின் ஊடே குறுக்காகச் சென்று, இறுக்கி இழுக்கப்பட்டு, அவ்வளையங்களில் பிணைக்கப்படும். வளையங்களை மரையுள்ள கம்பிகள் ஒன்றோடொன்று இணைக்கும். மிதிவண்டிச் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். தனியே எடுத்தால் வளைந்துவிடும் மெல்லிய கம்பிகளே, இழுத்துக் கட்டப்பட்ட நிலையில் ஒரு மனிதனின் எடையைத் தாங்குகின்றன அல்லவா? அதே தத்துவந்தான் இங்கும். இக்கருவியை அணிந்த நோயாளி சில நாட்களிலேயே எழுந்து காலூன்றி நடக்க முடிந்தது.

எதிர்த் திசையில் திரும்பிய மரை

முறிந்த முனைகளை நெருக்கி அழுத்துவதற்கே இலிசாரவ் முதலில் இக்கருவியைப் பயன்படுத்தினார். நாள்தோறும் மரையைத் திருகி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். நோயாளி ஒருவர் அதனைத் தவறுதலாக எதிர்ப்புறம் திருகிவிட்டார் என்றும், முனைகள் நெருங்குவதற்குப் பதிலாக விலகின என்றும், அந்த இடைவெளியில் புதிய எலும்பு தோன்றியிருந்ததைக் கண்டு மருத்துவர் வியந்தார் என்றும் கூறப்படுகிறது. பிறர் பிழையென்று திருத்தி மறந்திருக்கக் கூடிய ஒன்றை அவர் ஆராயத் தொடங்கினார்.

நாய்களைக் கொண்டு நடத்திய நீண்ட ஆய்வுகளின் பயனாக, உயிருள்ள திசுக்களை மெதுவாகவும் இடைவிடாமலும் இழுத்தால், அந்த இழுவிசையே அவற்றை வளரத் தூண்டுகிறது என்னும் விதியை அவர் நிலைநாட்டினார். எலும்பு மட்டுமன்று, அதனோடு தசையும் தோலும் நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்து வளர்கின்றன.

அறுவை மருத்துவர் எலும்பின் வெளிச்சுவரை மட்டும் கவனமாகப் பிளக்கிறார். எலும்பை மூடிய உறையையும் அதன் இரத்த ஓட்டத்தையும் இயன்றவரை காக்கிறார். ஏறத்தாழ ஒரு வாரம் ஒன்றும் செய்வதில்லை. பின்னர் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே இரு முனைகளும் விலக்கப்படுகின்றன. அதையும் ஒரே முறையில் செய்வதில்லை. கால் மில்லிமீட்டராக நான்கு வேளை திருக வேண்டும். மிக வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது, நரம்புகளும் கெடும். மிக மெதுவாக இழுத்தால் காலம் வருமுன்னரே எலும்பு இறுகி, மேலும் நீள மறுத்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் நீள வேண்டுமாயின் ஐம்பது நாட்கள் இழுக்க வேண்டும். அதன்பின் புதிய எலும்பு உறுதிப்படுவதற்கு அதைவிட நீண்ட காலம் கருவியோடு காத்திருக்க வேண்டும்.

சீழ்பிடித்து எலும்பின் ஒரு துண்டையே அகற்ற நேர்ந்தவர்க்கும் இம்முறை வழி திறந்தது. எஞ்சிய நல்ல எலும்பில் ஒரு துண்டைப் பிரித்து, அதே ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இடைவெளியை நோக்கி நகர்த்துவார்கள். அது கடந்துவந்த பாதையில் புதிய எலும்பு வளர்ந்து நிறையும்.

ஏளனமும் ஏற்பும்

தலைநகரின் பெருமருத்துவர்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. தொலைவிலுள்ள சிற்றூர்க்காரர், மரை முடுக்கும் தொழிலாளி என்றே பலர் ஏளனம் செய்தனர். இலிசாரவ் வாதாடுவதைவிட நோயாளிகளைக் குணமாக்குவதிலேயே கருத்தாயிருந்தார்.

1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் உயரத் தாண்டுதலில் தங்கப் பதக்கம் வென்ற வலேரி புரூமெல், 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கினார். பல அறுவைச் சிகிச்சைகளும் பயனளிக்காத நிலையில் 1968-இல் கூர்கானுக்குச் சென்றார். இலிசாரவின் கைகளில் அவர் கால் கூடியது. குறைந்த நீளமும் மீண்டது. பின்னர் அவர் மீண்டும் இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார்! இலிசாரவின் புகழ் நாடெங்கும் பரவியது. 1971-இல் கூர்கான் நகரில் அவருக்கென ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது.

மேலை நாடுகள் இம்முறையை அறிந்ததும் ஒரு நோயாளியின் வழியாகவே. இத்தாலிய மலையேறும் வீரரான கார்லோ மௌரி, பழைய முறிவினால் குட்டையாகிக் கோணிய காலோடு பல ஆண்டுகள் துன்புற்றவர். 1980-இல் கூர்கானில் சிகிச்சை பெற்று அவர் நலமுடன் திரும்பியதைக் கண்ட இத்தாலிய மருத்துவர்கள் வியந்தனர். மறு ஆண்டே இலிசாரவ் இத்தாலியின் பெல்லாஜியோ நகருக்கு அழைக்கப்பட்டு, அங்குக் கூடியிருந்த மருத்துவர்கள் முன் உரையாற்றினார். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவிற்று. 1992-இல் அவர் இறந்தார். இன்று, உடலுக்குள்ளேயே பொருத்தப்பட்டு, வெளியிலிருந்து காந்த விசையால் நீட்டப்படும் ஆணிகளும் வந்துவிட்டன. எனினும் மெதுவாக இழுக்க வேண்டும் என்னும் அடிப்படை விதி மாறவில்லை.

நம் இல்லங்களுக்கு

காலை அகற்ற வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டுக் கலங்கும் குடும்பம், வேறு வழியுண்டா என்று எலும்புச் சிகிச்சை நிபுணரிடம் ஒருமுறை கேட்பது நலம். எல்லார்க்கும் இம்முறை பொருந்தாது. சிலருக்குக் காலை அகற்றுவதே உயிர்காக்கும் வழியாகலாம். இச்சிகிச்சை எளிதும் அன்று. கம்பி நுழையும் இடங்களில் சீழ் பிடிக்கலாம். நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். வலி இருக்கும். மூட்டுகள் இறுகாதிருக்கப் பயிற்சி வேண்டும். புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தடுக்கும். உயரமாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசைக்காக நலமான காலை வெட்டிக் கொள்வோரும் இன்று உண்டு. அவர்கள் இத்துன்பங்களை ஆழ்ந்து எண்ண வேண்டும்.

நலமாயிருக்கும் எலும்பைப் பேணுவதும் நம் கடமையே. உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்குத் 99 பங்கு எலும்பிலும் பல்லிலுமே உள்ளது. ஏறத்தாழ முப்பது வயதிற்குள் சேர்த்த எலும்புச் செல்வமே முதுமைக்குத் துணை. ஆகவே பிள்ளைகளுக்குப் பால், கேழ்வரகு, கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவற்றைக் கொடுங்கள். வெயிலில் ஓடி விளையாட விடுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு விரைந்து தேயும். அவர்கள் நாள்தோறும் நடப்பதும், தேவையாயின் மருத்துவரைக் காண்பதும் நன்று. முதியோர் வழுக்கி விழாதபடி குளியலறைத் தரையையும் இரவு விளக்கையும் கவனியுங்கள். முதுமையில் இடுப்பெலும்பு முறிவது பலரைப் படுக்கையில் தள்ளிவிடுகிறது.

எலும்பை வளர்க்கும் ஆற்றலை இலிசாரவ் படைக்கவில்லை. படைத்தவர் அதில் ஏற்கெனவே வைத்திருந்த ஆற்றலை அவர் கண்டறிந்து, அதன் வேகத்திற்குத் தம்மைப் பணியச் செய்துகொண்டார். இச்சிகிச்சையில் அறுவை முடிந்ததும் பொறுப்பின் பெரும்பகுதி வீட்டாரின் கைக்கு வந்துவிடுகிறது. தாயோ மனைவியோ மகனோ, காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும் மறவாமல் அந்த மரையைச் சிறிதளவு திருக வேண்டும். அன்றைய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, மறுநாளும் தெரியாது. நம் பங்குகளில் இவ்வாறு நெடுநாள் நோயாளியைப் பேணும் இல்லங்கள் உண்டு. அவ்வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு வேளைப் பொறுப்பையேனும் நாம் ஏற்றுக்கொண்டால், அவர்கள் சற்றே இளைப்பாறுவார்கள்.