இரும்புக் கையும் இயந்திர மனிதனும்

சென்ற மாதம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாம் பிரயாணம் செய்த பாசஞ்சர் வண்டி, கிளம்பிய சற்று நேரத்திற்கெல்லாம் முண்டியம்பாக்கம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வேண்டுமாம். ஆலைப் பக்கத்திலிருந்து கரும்புப் பாகின் வாசனை மிதந்து வந்தது. எதிரே நடுத்தர வயதைத் தாண்டிய இரண்டு கனவான்கள் கடும் விவாதத்தில் மூழ்கியிருந்தார்கள். அரசியலாக இருக்கும் என்று எண்ணிக் காதைக் கொடுத்தோம். அது அரசியல் அல்ல.

"மேலே போகிறதே மின்சாரக் கம்பி, அதை மாயாவி தொட்டால் போதும், ஆளே தெரியமாட்டான். உன் ஸ்பைடர் என்ன செய்வான்?" என்றார் ஒருவர்.

"தொடவே விடமாட்டான்! வலையை வீசிக் கட்டிவிடுவான்" என்றார் மற்றவர்.

இருவரும் பள்ளித் தோழர்களாம். விவாதம் நாற்பது வருஷமாக நடந்துவருகிறதாம்!

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறோம். 1972-ல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் "இரும்புக்கை மாயாவி". விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துவிடுகிறான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. இங்கிலாந்தில் 1962-ல் பிறந்த கதை. சித்திரம் தீட்டியவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர். அதே சிவகாசியில் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ், ஸ்பைடரையும் இரும்பு மனிதன் ஆர்ச்சியையும் தமிழ் பேச வைத்தது. அதே வருஷம் பிறந்த ராணி காமிக்ஸ் 500 இதழ்கள் வந்து 2005-ல் நின்றது. முத்து காமிக்ஸில் வேதாளராக வந்த முகமூடிக்காரர் ராணி காமிக்ஸில் மாயாவி என்று பெயர் பெற்றதால் சிறுவர்களிடையே நேர்ந்த குழப்பத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஸ்பைடர் கட்சிக்காரர் நம்மிடம் திரும்பி ஒரு செய்தி சொன்னார். 1938-ல் சூப்பர்மேன் என்னும் கற்பனையின் சகல உரிமையையும் அதைப் படைத்த இரு இளைஞர்கள் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜெரி சீகல், பிற்காலத்தில் ஜீவனத்துக்காகக் கடல் கடந்த ஆங்கிலப் பத்திரிகைக்கு எழுதிய கதைதான் ஸ்பைடர். "சூப்பர்மேனைப் படைத்தவர் எழுத்தை வாசிக்கிறோம் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. வில்லன்தான் நாயகன் என்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது" என்றார்.

பேச்சு தொலைக்காட்சிக்குத் தாவியது. 1980-களில் தூர்தர்ஷன் "ஸ்டார் டிரெக்" என்ற விண்வெளித் தொடரையும், ஜப்பானில் தயாரான "ஜயண்ட் ரோபோ" தொடரையும் ஒளிபரப்பியது. தெருவில் பெட்டி இருந்த ஒரே வீட்டில் தெருவே கூடும். ஆனால் பாஷை ஆங்கிலம்!

"கூர்ங்காதுக்காரர் வாயைத் திறந்தால் எங்களில் ஒருவருக்கும் புரியாது. நாங்களே வசனம் சொல்லிக்கொள்வோம். ஆர்ச்சி பேசும் தமிழையே அவர் வாயிலும் வைத்துவிடுவோம்."

"ஆனால் அந்த ராட்சத ரோபோ கடைசியில் எதிரியைத் தூக்கிக்கொண்டு வானத்தில் பறந்து எரிகல்லில் மோதி அழிந்ததே, அதற்கு மட்டும் வசனம் வேண்டியிருக்கவில்லை" என்றார் மாயாவி நேசர். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

இந்த இடந்தான் நம் மனத்தில் தைத்தது. பெட்டியில் தெரிந்த அதிசயம் அந்நிய பாஷையில் தெரிந்தது. சாணிக் காகிதத்தில் அச்சான அதிசயமோ தமிழில் பேசிற்று. தடையின்றித் தமிழ் வாசிக்க அந்தக் காகிதந்தான் அவர்களைப் பழக்கியது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பள்ளிப் பாடம் இந்தக் காரியத்தை இவ்வளவு சந்தோஷமாகச் செய்ததாக நமக்கு ஞாபகம் இல்லை.

பெரியவர்கள் அன்று இதை ஒப்பவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பு மாயாவி நேசரின் தகப்பனார் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டாராம். "மூன்று ரூபாயோ என்னவோ கிடைத்தது. அந்தக் காசில் எனக்கே பேனா வாங்கித் தந்தார்!" 2012-ல் லயன் காமிக்ஸ் புத்துயிர் பெற்று, பழைய மாயாவி கதைகளும் மறுபதிப்பாக வந்தபோது ஒன்றுவிடாமல் வாங்கினார். தோழருக்கு அதில் சம்மதமில்லை. வர்ணத்தில் புதிய ஐரோப்பியக் கதைகள் வரும்போது பழசையே கட்டிக்கொண்டு அழுவானேன் என்பது அவர் கட்சி. ஆனால் இருவருக்கும் பொதுவான துக்கம் ஒன்று உண்டு. வீட்டுப் பிள்ளைகள் சூப்பர்மேனை ஆங்கிலத்தில் அறிவார்கள். தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால், "நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள்.

மாயாவி நேசரின் மடியில் கிடந்த புத்தகத்தை, பக்கத்து ஆசனத்துச் சிறுமி ஒருத்தி வெகு நேரமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி ஏதோ முணுமுணுத்தாள்.

"தாத்தா, கை மட்டும் தெரிந்தால் போலீஸ் பிடித்துவிடாதா?" என்று கேட்டாள்.

தாத்தா என்றதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போயிற்று. புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து அவளிடம் கொடுத்தார். திண்டிவனம் வரும் வரையில் அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை.