பளுவும் ஓய்வும்: வாரத்தில் எத்தனை நாட்கள் தூக்கலாம்?

சென்னையிலிருந்து ஆந்திர எல்லையை நோக்கிப் பயணம் செய்வோருக்குக் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டதை அங்குள்ள ஆலைகளே அறிவித்துவிடும். சிப்காட் தொழிற்பேட்டையின் ரோலிங் மில்களிலும் ஏனைய தொழிற்சாலைகளிலும் இரவு பகலாக வேலை நடக்கிறது. ஷிப்ட் முடிந்த கையோடு உடற்பயிற்சிக் கூடத்திற்குள் நுழையும் வாலிபர்களும் அங்கு உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால், 'நாள்தோறும் முழுப் பளுவையும் தூக்கினால்தான் பலம் ஏறும்' என்னும் எண்ணத்தோடு நுழைந்தால் அந்த நல்ல பழக்கமே பகையாகிவிடும்.

உங்கள் இல்லத்திலும் அப்படி ஒரு மகனோ தம்பியோ இருக்கலாம். அவருடைய முதுகை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்றால், இது விளையாட்டுச் செய்தி மட்டுமன்று. குடும்பச் செய்தியும் ஆகும்.

பலம் எப்போது பிறக்கிறது?

பளுவைத் தூக்கும்போது தசை வலுப்பெறுவதில்லை, களைத்துத்தான் போகிறது. பயிற்சிக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு நாட்கள் வரை, உடல் புரதத்தைக் கொண்டு அந்தத் தசையைச் செப்பனிட்டு முன்னிலும் உறுதியாகக் கட்டுகிறது. பலம் பிறப்பது அந்த ஓய்வில்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. புதிதாகத் தொடங்குவோருக்கு முதற்சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் தசை பெருப்பதனால் அன்று. மூளையும் நரம்புகளும், இருக்கின்ற தசையையே ஒருங்கு திரட்டி இயக்கக் கற்றுக்கொள்கின்றன. கற்பதற்கு அடிக்கடி பழக வேண்டும். செப்பனிடுவதற்கு இடைவெளி வேண்டும். இவ்விரண்டிற்கும் நடுவில்தான் விடை இருக்கிறது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொடக்க நிலையினருக்கு வாரத்தில் 2 முதல் 3 நாட்களும், ஓரளவு பழகியவர்களுக்கு 3 முதல் 4 நாட்களும், முதிர்ந்த பயிற்சியாளர்களுக்கு 4 முதல் 5 நாட்களும் பரிந்துரைத்தது. நான்கு நாட்கள் செல்பவரும் நாளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொள்வதால், ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் ஏறக்குறைய இருமுறைதான் வேலை வருகிறது. பின்னர் வந்த ஆய்வுகளோ, ஒரு வாரத்தில் செய்யும் மொத்தப் பயிற்சி சமமாக இருந்தால், அதை எத்தனை நாட்களில் பிரித்துச் செய்தாலும் பலத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டின. ஆகவே நாட்களைக் கூட்டுவதால் மட்டும் பயனில்லை. தூக்கும் ஒவ்வொரு முறையும் செம்மையாக இருக்க வேண்டும்.

வீரர்கள் தரும் பாடம்

'அப்படியானால் பல்கேரிய வீரர்கள் தினமும் தூக்கினார்களே?' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இவான் அபாஜியேவ் என்னும் பயிற்சியாளரிடம் அவர்கள் நாள்தோறும், அதுவும் பலவேளை, உச்சப் பளுவை நெருங்கிப் பயின்றார்கள். அவரிடம் வளர்ந்தவர்தான் பல்கேரியாவில் துருக்கியச் சிறுபான்மை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த நயீம் சுலைமானொக்லு. தம் மக்களின் பெயர்களையே மாற்றும்படி கட்டாயப்படுத்திய ஆட்சியிலிருந்து 1986இல் தப்பித் துருக்கிக்குச் சென்றார். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றார். 60 கிலோ எடைப் பிரிவில் நின்று 190 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்திய மாமனிதர் அவர்.

ஆனால் அந்த முறை, இளமையிலேயே பொறுக்கியெடுக்கப்பட்டு, வேறு வேலையின்றி, உணவும் உறக்கமும் மருத்துவரும் அரசாங்கச் செலவில் கிடைக்கப்பெற்றவர்களுக்கானது. அதற்குக் கறையும் உண்டு. 1988 ஸியோல் ஒலிம்பிக்கில் இரு பல்கேரிய வீரர்களின் தங்கப் பதக்கங்கள் மருந்துச் சோதனையில் பறிபோய், அந்நாட்டுப் பளுதூக்கும் அணியே போட்டியிலிருந்து விலகியது. எட்டு மணிநேரம் இரும்போடு போராடி வருபவர் அதைப் பின்பற்றலாகாது.

நம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட் நகருக்குத் தொடைக் காயத்தோடு சென்றார். அங்கே அவர் தூக்கியது 317 கிலோ. முந்தையதைவிட 11 கிலோ குறைவு. ஆயினும் தங்கம் அவருக்கே கிடைத்தது. உடல் அனுமதிக்கும் அளவறிந்து தூக்குவதும் வீரமே.

ஆலைக்காரருக்கு ஓர் அட்டவணை

ஆலையில் தூக்கும் சுமையும் சுமைதான். உடலுக்கு ஜிம் என்றும் மில் என்றும் வேறுபாடு தெரியாது. ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்திருக்கிறது. நாள் முழுதும் மூட்டைகளையும் கம்பிகளையும் புரட்டுபவர் அதையும் தம் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தகையவருக்கு வாரத்தில் இரண்டே நாட்கள் போதும். ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் இரண்டையும் கனமாகச் செய்யலாம். புதனன்று டெட்லிப்டைக் கனமாகவும் மற்ற இரண்டை மிதமாகவும் செய்யலாம். இடுப்பை அதிகம் வாட்டுவது டெட்லிப்ட் என்பதால் அதற்கு வாரம் ஒருமுறை போதும். கனம் என்றால், 5 முறை தூக்கியபின் இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்க இயலும் என்னும் அளவு. அவ்வாறு 3 சுற்றுகள். சுற்றுக்கு இடையே 3 நிமிட ஓய்வு. எளிதானபின் இரண்டரைக் கிலோ கூட்டுங்கள். நான்கைந்து வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு வாரம் பாதியாகக் குறையுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து உறங்காத நாளில் கனப் பளுவைத் தொடாதீர்கள்.

ரமலானில் என்ன செய்வது?

நோன்பு மாதத்தில் பலம் கரைந்துவிடுமோ என்று இளைஞர்கள் அஞ்சுகிறார்கள். பளுவின் கனத்தைப் பெரிதும் குறைக்காமல் சுற்றுகளை மட்டும் குறைத்து, வாரம் ஓரிருமுறை பயின்றாலே ஈட்டிய பலம் பெருமளவு நிலைக்கும். இஃப்தாருக்குப் பின் தண்ணீரும் உணவும் உட்கொண்டு, தராவீஹ் தொழுகைக்குப் பிறகு செய்வது நன்று. நோன்பின் பகற்பொழுதில் உச்சப் பளுவை முயல வேண்டாம். புதிய சாதனைக்குப் பெருநாளுக்குப் பிறகு நாட்கள் இருக்கின்றன.

பெற்றோர் கவனத்திற்கு

சென்ற வாரம் எளிதாக வந்த பளு, அடுத்தடுத்து இருமுறை கனக்கிறதா? உறக்கமும் பசியும் குறைகின்றனவா? ஓய்வைக் கூட்ட வேண்டும் என்பதற்கு அவையே அடையாளங்கள். முதுகு வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்தாலோ, உடனே மருத்துவரைக் காணுங்கள். இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. விரைந்த பலன் தருவதாகச் சொல்லப்படும் ஊசிகளையும் மாத்திரைகளையும் வீட்டு வாசற்படி ஏறவிடாதீர்கள். முட்டை, மீன், இறைச்சி, சுண்டல், பருப்பு, அதனோடு ஏழெட்டு மணிநேர உறக்கம். தசைக்கு வேண்டியது இவைதாம்.

இன்று மாலை மகன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, 'எத்தனை கிலோ தூக்குகிறாய்?' என்று கேட்பதற்கு முன், 'நேற்று எத்தனை மணிநேரம் தூங்கினாய்?' என்று கேளுங்கள்.