மூச்சு முட்டும் கணினி: மாற்றுவதா, மேம்படுத்துவதா?

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, சித்தூரில் ஒளிப்பட நிலையம் நடத்தும் நண்பர் ஒருவர் கையில் விலைப்பட்டியலுடன் என் வீட்டிற்கு வந்தார். திருப்பதியிலுள்ள ஒரு கணினிக் கடையில் எழுதி வாங்கிய பட்டியல் அது. புதிய கணினி, பெரிய திரை, மென்பொருள் நிறுவும் கூலி எல்லாம் சேர்ந்து ரூ.1,18,000. மறுநாளே வங்கிக்குச் சென்று அந்தத் தொகைக்குக் கடன் கேட்பது என்று முடிவு செய்திருந்தார். வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்க வந்திருந்தார்.

“இருக்கிற கணினிக்கு என்ன குறை?” என்று கேட்டேன்.

“ஒரு ஆல்பப் பக்கத்தைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம் சார். இரண்டு பக்கம் திறந்தால் சாப்பிட்டுவிட்டே வரலாம்” என்றார்.

சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. முகூர்த்த மாதம். முடிக்க வேண்டிய ஆல்பங்கள் ஆறு. அவற்றுள் ஒன்று, திருமலையில் திருமணம் செய்துகொண்ட வேலூர்க் குடும்பத்தினருடையது. மணப்பெண் மூன்று வாரங்களில் கணவருடன் வெளிநாடு செல்லவிருந்தார். அதற்குள் ஆல்பம் கைக்கு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். முன்பணமும் வாங்கியாயிற்று. இந்த மெதுவான கணினியை வைத்துக்கொண்டு அதை முடிக்க இயலாது என்ற அச்சமே அவரைக் கடனை நோக்கித் தள்ளியது.

கடன் வாங்குவதில் தவறில்லை. ஆயினும் எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். “விண்ணப்பத்தை மாலையில் எழுதுவோம், முதலில் அந்தக் கணினியைக் காட்டுங்கள்” என்று கூறி அவருடன் புறப்பட்டேன்.

இத்தகைய தொழிலில் கோப்புகள் எவ்வளவு பெரியவை என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் கேமரா பதப்படுத்தாத வடிவில் எடுக்கும் ஒரு படம் ஏறத்தாழ 25 மெகாபைட். ஒரு திருமணத்திற்கு 3,000 படங்கள் எடுத்தால் 75 ஜிகாபைட். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காணொளி ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிகாபைட். இவை வட்டில் உறங்கும் நிலையிலான அளவுகள். வேலைக்கு எடுக்கும்போது இன்னும் வீங்கும். 12 அங்குலத்துக்கு 36 அங்குலம் உள்ள ஆல்ப விரிப்பு ஒன்றை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அமைத்தால் 3 கோடியே 88 லட்சம் புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 3 பைட் என்றால் 117 மெகாபைட். அதன் மேல் பின்னணி, பூ வேலை, மணமக்களின் வெட்டியெடுத்த உருவங்கள், எழுத்து என்று அடுக்கடுக்காகச் சேர்க்கும்போது ஒரே விரிப்பு எளிதாக ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். நண்பர் அப்படிப்பட்ட நான்கைந்து விரிப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இணைய உலாவியில் வாட்ஸ்அப்பையும் திறந்து, பின்னணியில் காணொளி ஒன்றையும் தொகுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணினியின் ரேம் 8 ஜிகாபைட்; அதில் இயங்குதளமே இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளும்.

சித்தூர் மாவட்டத்தாருக்கு இதை மாம்பழக்கூழ் ஆலையை வைத்து விளக்குவதே எளிது. ஆனி, ஆடி மாதங்களில் தோத்தாபுரி ஏற்றிய வண்டிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காதவர் இங்கே இல்லை. பழத்தைப் பிழியும் இயந்திரம்தான் செயலி. பழத்தை இறக்கி வைக்கும் முற்றம்தான் ரேம். தோப்பிலிருந்து வரும் பாதைதான் வட்டு. முற்றம் நிறைந்துவிட்டால், இறக்கிய பழத்தையே மீண்டும் வண்டியில் ஏற்றிச் சாலையோரம் நிறுத்திவிட்டு அடுத்ததை இறக்க வேண்டும். பிழியும் இயந்திரம் எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் பழம் வராமல் சும்மா சுழலும். கணினியிலும் நடப்பது இதுவே. ரேம் போதாதபோது இயங்குதளம் தரவின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ஃபோட்டோஷாப்பும் தன் பங்குக்குத் தற்காலிகக் கோப்புகளை வட்டில் எழுதுகிறது. அந்த வட்டு சுழலும் வகை வன்வட்டாக இருந்தால், கணினி முழுவதும் அதன் காலடியில் காத்துக் கிடக்கும்.

எங்கே நெரிசல் என்பதைக் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அன்றாடம் எப்படி வேலை செய்வாரோ அப்படியே எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொன்னேன். நினைவகம் 94 விழுக்காடு. வட்டு 100 விழுக்காட்டில் அசையாமல் நின்றது. செயலியோ 20க்கும் 30க்கும் இடையே ஊசலாடியது. நண்பர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. ஓராண்டுக்கு முன் இதே குறைக்காக, வேறொரு கடைக்காரர் சொல்லைக் கேட்டு ரூ.19,000 கொடுத்து கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று மாட்டியிருந்தார். காணொளித் தொகுப்புக்கு அது ஓரளவு உதவியிருக்கும். நெரிசல் இருந்த இடமோ வேறு.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் வட்டு, அடுத்து ரேம், அதன் பிறகும் செயலி 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் மட்டுமே புதிய இயந்திரம் என்பது என் கருத்து. சுழலும் வன்வட்டு தொடர்ச்சியான கோப்பை நொடிக்கு 150 மெகாபைட் அளவில் படிக்கும். ஆனால் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைத் தேடும்போது, அதன் ஊசி ஒவ்வொரு முறையும் நகர்ந்தாக வேண்டியிருப்பதால், நொடிக்கு நூறு தேடல் அளவிலேயே நின்றுவிடும். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. இத்தகைய தேடல்களைப் பல்லாயிரக் கணக்கில் செய்யும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 மெகாபைட் வரை தரும், என்.வி.எம்.இ. வகையில் 3,000ஐத் தாண்டுபவை சாதாரணம். நாள்தோறும் பணிபுரிபவர் உண்மையில் உணர்வது, வன்வட்டிலிருந்து ஏதேனும் ஒரு எஸ்.எஸ்.டி.க்கு மாறும் முதற்படியைத்தான். அதற்கு மேற்பட்ட வேகங்களில் விளம்பரத்தின் பங்கு அதிகம்.

ரேம் வாங்குவதில் ஒன்றிரண்டு பொறிகள் உண்டு. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று பொருந்தாதவை. எவ்வளவு வரை ஏற்கும் என்பது தாய்ப்பலகையின் கையேட்டில் இருக்கும். கடைக்காரரின் நினைவை நம்ப வேண்டாம். இரண்டு பள்ளங்கள் இருந்தால் ஒரே அளவுள்ள இணையாகப் போடுவது நல்லது, செயலி இரண்டு வழிகளிலும் ஒருசேரத் தரவை எடுக்கும். மடிக்கணினி வாங்குவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: மெல்லிய மாதிரிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், வாங்கும் நாளில் உள்ளதே கடைசி நாள் வரை. கடிதமும் கணக்கும் பார்ப்பவருக்கு 8 ஜிகாபைட் ஒருவாறு போதும். பல நிரல்களை ஒன்றாகத் திறப்பவருக்கு 16 தேவை. ஆல்பமும் காணொளியும் செய்பவர் 32க்குக் குறைவாக எண்ண வேண்டாம்.

எல்லாப் பழைய கணினிகளும் இந்தச் செலவுக்குத் தகுதியானவை அல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். நண்பருடையது எட்டாம் தலைமுறை, மயிரிழையில் தப்பினார். நான்காம் தலைமுறைக் கணினிக்கு ரேமும் வட்டும் வாங்குவதைவிட அந்தப் பணத்தைப் புதியதற்காகச் சேர்த்து வைப்பதே மேல். அதே கணினியில் வங்கிப் பரிவர்த்தனையும் செய்பவராக இருந்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தில் ஒரு நாளும் தொடர வேண்டாம்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே பயணம் செய்வோர் காதங்கியைக் கடந்திருப்பர். விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் அங்கேதான் உள்ளது. அதன் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், 1,024 ஆன்டெனாக்களைக் கொண்டு மேல்வானத்துக் காற்றை அளக்கிறது. இத்தகைய ரேடார்களில் வந்து சேரும் எதிரொலிகளை அப்படியே குவித்து வைப்பதில்லை. பல துடிப்புகளைச் சேர்த்துச் சுருக்கி, அலைப்பட்டையாக மாற்றிய பிறகே சேமிக்கிறார்கள். திரும்பும் வழியில் இதை நண்பரிடம் சொன்னேன். அவர் 3,000 படங்களையும் மென்பொருளில் ஏற்றிய பின்னரே கண் மூடியவை, கலங்கியவை எல்லாவற்றையும் கழிப்பார். முதலிலேயே கழித்து 600ஐ மட்டும் ஏற்றினால் கணினியின் பாரம் ஐந்தில் ஒன்றாகும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இறுதியில் வாங்கியவை: ஒரு டெராபைட் என்.வி.எம்.இ. வட்டு ஒன்று, 16 ஜிகாபைட் ரேம் இரண்டு. கூலி உட்பட ரூ.16,400 ஆனது. அதன் பின் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போவதே காரணம். ஆகையால் இன்று வாங்குவோர் அன்றன்றைய விலையை மூன்று கடைகளிலாவது கேட்பது நலம். கட்டாயமானால் 16இல் தொடங்கி, ஒரு பள்ளத்தைக் காலியாக வைத்திருக்கலாம்.

பற்றுச்சீட்டைத் தொழிலின் பெயரிலேயே வாங்க வேண்டும். வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் தொழிலுக்கு வாங்கிய பொருளுக்குக் கட்டிய 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது இல்லை. வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் உண்டு. அனுமான அடிப்படையில் வருமானம் காட்டுவோர் அதைத் தனியாகக் கோர இயலாது. “புது கம்ப்யூட்டர் வாங்கினால் வரி மிச்சம்” என்று கடையில் சொல்வதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய வட்டிலிருந்து புதியதற்குத் தரவைப் படியெடுக்கும் பணி இரவில் தொடங்கியது. காலையில் 71 விழுக்காட்டில் நின்றிருந்தது. ஏழாண்டு உழைத்த வன்வட்டில் சில பகுதிகள் படிக்க முடியாமல் கெட்டுவிட்டிருந்தன. கணினி மெதுவானதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. நெரிசலைக் கண்டுபிடித்த பெருமையில் வட்டின் உடல்நிலையைச் சோதிக்க நான் மறந்தது என் பிழை. படிக்க முடியாமற் போனவற்றுள் வேலூர்த் திருமணத்தின் மாங்கல்யதாரணப் படங்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

நண்பர் பேசவில்லை. படம் இல்லையென்றால் ஆல்பம் தாமதம் என்பதோடு நிற்காது. அந்தக் கணம் திரும்ப வராது. கேமராவின் நினைவக அட்டைகளைத் தேடினோம். ஒன்றை அழித்து அடுத்த திருமணத்திற்குப் பயன்படுத்திவிட்டிருந்தார். ஆனால் அந்தக் கேமராவில் இரண்டு அட்டைகளுக்கு இடம் உண்டு; இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி அவருடைய உதவியாளர் அமைத்திருந்தார். அந்த இளைஞர் அன்று திருச்சானூரில் வேறொரு திருமணத்தில் இருந்தார். இரண்டாவது அட்டை அவர் பையில் இருந்தது. அன்று மாலை முகூர்த்த வரவேற்புக்காக அதை அழிக்கவிருந்தார். தொலைபேசி பிற்பகல் மூன்று மணிக்குச் சென்றது.

அதன் பிறகே கடன் விண்ணப்பம் எழுதினோம். தொகை ரூ.45,000. முத்ரா திட்டத்தில் ரூ.50,000 வரையிலான சிசு பிரிவு. பிணை எதுவும் தேவையில்லை. அதில் பிரதிகளுக்கான இரண்டு வெளிவட்டுகள், கோடைக்கால மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ்., வண்ணம் சரியாகக் காட்டும் ஒரு திரை. ஒரு வெளிவட்டு நிலையத்தில் இருக்கும். மற்றொன்று அவர் வீட்டு அலமாரியில், துணைவியாரின் பொறுப்பில்.

வேலூர் ஆல்பம் விமானத்திற்கு நான்கு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. இப்போது அவருடைய நிலையத்தில் நினைவக அட்டைகளை வைக்கும் டப்பாவின் மேல், தமிழிலும் தெலுங்கிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: ஆல்பம் கொடுக்கும் வரை அழிக்கக் கூடாது.