கூட்டாட்சியின் கணக்கு – 9: பத்து விழுக்காட்டுக் கயிறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலத் தன்னுரிமை பற்றிய வாதம் எழும்போதெல்லாம் வரி, துப்பாக்கி, மது அருந்தும் வயது ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. மூன்றிலும் மத்திய அரசு மாநிலத்தின் வீட்டுக்குள் நுழைந்து உத்தரவிடுகிறது என்பதே பொதுவான புகார். ஆயினும் சட்டத்தின் கண்ணில் இம்மூன்றும் ஒரே நிலையில் இல்லை. ஒன்றில் மாநிலம் ஏறத்தாழ முழு உரிமையுடன் இயங்குகிறது. இன்னொன்றில் மத்திய அரசுக்கு ஒத்துழைக்க மறுக்கும் அளவுக்கு அதற்கு உரிமை உண்டு. மற்றொன்றில் உரிமை ஏட்டில் இருந்தும் நடைமுறையில் விலைபோய்விட்டது. இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய, பிரிவினைக் குரல் அண்மையில் சட்டமன்றம் வரை சென்று திரும்பிய நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் பொருத்தமான களமாகும்.

பதின்மூன்று வாக்குகள்

நாட்டின் வடகிழக்கு மூலையில் ஏறத்தாழ 14 லட்சம் மக்கள் வாழும் இச்சிறு மாநிலம், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு ஆறு மாதங்கள் முன்னதாக, 1776 ஜனவரியிலேயே தனக்கென ஓர் அரசியல் சட்டத்தை வகுத்துக்கொண்டது. 1784-இல் நடைமுறைக்கு வந்து இன்றும் தொடரும் அதன் அடுத்த அரசியல் சட்டத்தில், மாநில மக்களைத் தம்மைத்தாமே ஆளும் இறைமை பெற்றவர்களாக ஏழாம் பிரிவு அறிவிக்கிறது. அரசின் நோக்கங்கள் திரிக்கப்பட்டு வேறு வழிகள் அனைத்தும் அடைபடும்போது பழைய அரசை மாற்றிப் புதியதை நிறுவும் உரிமை மக்களுக்கு உண்டு என்று பத்தாம் பிரிவு கூறுகிறது. புரட்சியை ஓர் உரிமையாகவே எழுதிவைத்த இத்தகைய மாநிலத்தில் பிரிவினைவாதிகள் தங்கள் கோரிக்கைக்குச் சட்ட ஆதாரம் தேடியதில் வியப்பில்லை.

அரசியல் அறிஞர் ஜேசன் சோரன்ஸ் 2001-இல் எழுதிய ஒரு கட்டுரையில், அரசின் தலையீட்டைக் குறைக்க விரும்பும் 20,000 பேர் ஒரு சிறிய மாநிலத்தில் குடியேறினால் அதன் அரசியலையே மாற்றிவிடலாம் என்ற கருத்தை முன்வைத்தார். ‘சுதந்திர மாநிலத் திட்டம்’ என்று பெயர்பெற்ற இந்த இயக்கத்தினர் 2003-இல் தங்களுக்குள் நடத்திய வாக்கெடுப்பில் நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தனர். குடியேறுவதாக உறுதியளித்தோரின் எண்ணிக்கை 2016-இல் 20,000-ஐத் தொட்டது. சோரன்ஸின் திட்டம் பிரிவினையைக் கோரவில்லை என்றாலும், மத்திய அரசின் மீதான அவநம்பிக்கையை மாநில அரசியலின் மையத்துக்குக் கொண்டுவந்ததில் இவ்வியக்கத்துக்குப் பங்குண்டு.

2022-இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை உறுப்பினர்கள் சிலர், நியூ ஹாம்ப்ஷயர் அமைதியான முறையில் ஒன்றியத்திலிருந்து விலகித் தனி நாடாக வேண்டும் என்னும் அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தனர். இவ்வகைத் திருத்தம் இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவையும், பின்னர் பொது வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவையும் பெற வேண்டும். 400 உறுப்பினர்களைக் கொண்டதும், 1889 முதல் ஈராண்டுக்கு 200 டாலர் மட்டுமே ஊதியமாகப் பெறுவதுமான அந்த அவை, மார்ச் மாதத்தில் 323-க்கு 13 என்ற வாக்குகளில் அதைத் தள்ளுபடி செய்தது.

திருத்தம் நிறைவேறியிருந்தாலும் நீதிமன்றத்தில் நின்றிருக்காது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1869-இல், டெக்சாஸ் எதிர் ஒயிட் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு முடிவு கட்டிவிட்டது. போர்க்காலத்தில் டெக்சாஸின் பிரிவினை அரசு விற்றுவிட்ட கடன் பத்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அவ்வழக்கின் பொருள். அதற்கு விடைகாண முற்பட்ட தலைமை நீதிபதி சால்மன் சேஸ், எந்த மாநிலமும் தன்விருப்பத்தில் ஒன்றியத்தை விட்டு விலக முடியாது என்றும், டெக்சாஸ் ஒருநாளும் விலகியதாகவே கருத இயலாது என்றும் தீர்ப்பளித்தார். பிரிவினையின் சட்டத் தகுதி ஒரு பணத் தகராறின் ஊடாகவே தீர்மானிக்கப்பட்டது என்பது இத்தொடரின் நோக்கில் மனத்தில் கொள்ளத்தக்கது.

வரியில்லா மாநிலம் என்னும் பெருமை

மூன்றனுள் மாநிலத்தின் கை மிகவும் ஓங்கியிருப்பது வரியில். எந்த வரியை விதிப்பது, எதை விடுவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் பொது விற்பனை வரி இல்லை. ஊதியத்தின் மீது வருமான வரியும் இல்லை. வட்டி, பங்காதாயம் ஆகியவற்றின் மீது இருந்த வரியும் 2025 ஜனவரி முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவோர் இத்தகைய பரந்த வரிகளைக் கொண்டுவர மாட்டோம் என்று வாக்களிப்பது 1970-களிலிருந்து ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதற்கு ‘உறுதிமொழி’ என்றே பெயர். எந்த உறுதிமொழி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வரியை ஒழிப்பதால் செலவு ஒழிந்துவிடுவதில்லை. விற்பனையிலும் வருமானத்திலும் விடப்பட்ட சுமை வீட்டின் மீதும் நிலத்தின் மீதும் இறங்குகிறது. சொத்து வரிச் சுமையில் நாட்டின் முன்வரிசை மாநிலங்களுள் ஒன்றாக நியூ ஹாம்ப்ஷயர் இருப்பதன் காரணம் இதுவே. பள்ளிகளின் செலவை அந்தந்த ஊரின் சொத்து வரியே தாங்கியதால், விலை மதிப்புள்ள நிலம் கொண்ட ஊர்கள் குறைந்த விகிதத்தில் நிறையத் திரட்டவும், ஏழை ஊர்கள் உயர்ந்த விகிதத்தில் குறைவாகத் திரட்டவும் நேர்ந்தது. கிளேர்மான்ட் என்ற ஊரின் பெயரால் வழங்கும் வழக்கில், போதிய கல்வியை அளிப்பது மாநிலத்தின் கடமை என்று 1993-இலும், ஊருக்கு ஊர் மாறுபடும் வரியால் அக்கடமையை நிறைவேற்றும் முறை செல்லாது என்று 1997-இலும் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு வருவாய் வழி, சாலையில் செல்வோர் கண்ணுக்கே தெரியும்படி அமைந்திருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் கடும் மதுவகைகளின் விற்பனை மாநில அரசின் தனியுரிமை. மாசசூசெட்ஸுக்கும் மெய்னுக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையில் ஹாம்ப்டன் என்ற இடத்திலும், உள்நாட்டுப் பாதையில் ஹூக்செட்டிலும், சாலையின் இருபுறமும், எத்திசையில் செல்பவரும் எதிர்ப்பக்கம் கடக்கத் தேவையின்றி நிறுத்தி வாங்கும்படி அரசு மதுக்கடைகள் கட்டப்பட்டுள்ளன. வாடிக்கையாளர்களில் பெருந்தொகையினர் விற்பனை வரியிலிருந்து தப்ப வரும் அண்டை மாநிலத்தவர். தன் குடிகளிடம் வரி கேட்காத மாநிலம் அந்தக் குறையின் ஒரு பகுதியை அடுத்த மாநிலத்தவரின் தாகத்திலிருந்து ஈடுகட்டுகிறது.

வயதின் விலை

மது விற்பனையில் மாநிலத்துக்குள்ள இந்த அதிகாரம் அரசியல் சட்டத்திலேயே உறுதிசெய்யப்பட்டது. நாடு தழுவிய மதுவிலக்கை 1933-இல் முடிவுக்குக் கொண்டுவந்த இருபத்தொன்றாம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, மாநிலச் சட்டத்தை மீறி மது கொண்டுவருவதைத் தடைசெய்வதன் மூலம் மதுக் கட்டுப்பாட்டை மாநிலங்களிடம் ஒப்படைத்தது. வாக்களிக்கும் வயது 1971-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டபோது, போருக்கு அனுப்பப்படவும் வாக்களிக்கவும் தகுதியானவருக்குக் குடிக்கவும் தகுதி உண்டு என்ற வாதத்தின் வழியே, ஏறத்தாழ முப்பது மாநிலங்கள் மது வயதையும் குறைத்தன. ஒரு மாநிலத்தில் 21, அடுத்த மாநிலத்தில் 18 என்று இருந்ததால் இளைஞர்கள் எல்லை கடந்து குடித்துவிட்டு வண்டியோட்டித் திரும்பினர். அவ்வழிகளில் நேர்ந்த உயிரிழப்புகளால் அந்த எல்லைகளுக்கு ‘இரத்த எல்லைகள்’ என்ற பெயரே ஏற்பட்டது.

குடிபோதை வாகன விபத்துகளுக்கு எதிராக 1980-இல் தொடங்கிய தாய்மார்களின் அமைப்பு தந்த அழுத்தத்தாலும், நியூ ஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பர்கின் முயற்சியாலும் தேசியக் குறைந்தபட்ச மது வயதுச் சட்டம் உருவானது. மாநில உரிமைகளைப் பேசி ஆட்சிக்கு வந்த அதிபர் ரொனால்டு ரீகனே 1984 ஜூலை 17 அன்று அதில் கையெழுத்திட்டார். வயதை 21 ஆக்குமாறு அச்சட்டம் எந்த மாநிலத்துக்கும் கட்டளையிடவில்லை. 21-க்குக் குறைந்தவர் மது வாங்க இடம்தரும் மாநிலத்துக்குரிய மத்திய நெடுஞ்சாலை நிதியில் முதலாண்டு 5 விழுக்காடும் பின்னர் 10 விழுக்காடும் நிறுத்திவைக்கப்படும் என்று மட்டுமே கூறியது.

19 வயதினர் 3.2 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பீர் வாங்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1987 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் மத்திய அரசின் பக்கம் நின்றது. பொதுநலனுக்காகச் செலவிடும்போது, நிபந்தனை தெளிவாகவும் செலவின் நோக்கத்தோடு தொடர்புடையதாகவும் இருக்குமாயின் அதை விதிக்கலாம் என்றும், இழப்பு சிறு விழுக்காடே என்பதால் இது தூண்டுதலேயன்றிக் கட்டாயமாகாது என்றும் தலைமை நீதிபதி ரெஹ்ன்குவிஸ்ட் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர், வண்டியே ஓட்டாத இளைஞரையும் தடுக்கும் ஒரு விதிக்கும் சாலை அமைக்கும் செலவுக்கும் போதிய தொடர்பில்லை என்றும், இத்தர்க்கத்தை ஏற்றால் மாநில வாழ்வின் எந்தத் துறையையும் சாலையின் பெயரால் ஒழுங்குபடுத்தலாம் என்றும் எச்சரித்தார்.

இங்கே கவனிக்கத்தக்கது, அந்த நிதி வந்த வழி. 1956-இல் அமைக்கப்பட்ட நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதியில் சேர்வது பெரும்பாலும் பெட்ரோல், டீசல் மீதான மத்திய வரி. பெட்ரோலுக்கு இது 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட். நிபந்தனையை ஏற்காத மாநிலத்தின் குடிமக்களும் பெட்ரோல் நிலையத்தில் இவ்வரியைக் கட்டியே ஆக வேண்டும். அவர்கள் கட்டியது திரும்பி வருவதில்தான் குறை விழும். ஆகவே மத்திய அரசு நீட்டியதாகத் தோன்றும் பரிசு, மாநிலத்தவரின் பணமே நிபந்தனையோடு வீடு திரும்புவதாகும். இந்தக் கயிற்றின் இழுப்பை எந்த மாநிலமும் நெடுநாள் தாங்கவில்லை. கடைசியாக 1988-இல் வயோமிங்கும் 21-ஐ ஏற்றது.

தூண்டுதல் எப்போது கட்டாயமாகிறது என்பதற்கு 2012-இல்தான் ஓர் அளவு கிடைத்தது. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க மறுக்கும் மாநிலங்களிடமிருந்து அத்திட்டத்துக்காக ஏற்கெனவே வரும் நிதி முழுவதையும் பறிக்கலாம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. தெற்கு டகோட்டா இழக்கவிருந்தது அதன் வரவுசெலவில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. காப்பீட்டு நிதியோ சராசரி மாநிலத்தின் வரவுசெலவில் 10 விழுக்காட்டுக்கு மேல். இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ தன்னுரிமையின் எல்லைக்கோடு ஓடுகிறது.

ஷெரிஃபின் மறுப்பு

துப்பாக்கியில் கதை வேறு திசையில் சென்றது. 1993-ஆம் ஆண்டின் பிரேடி சட்டம், கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை, தேசியக் கணினி அமைப்பு உருவாகும்வரை உள்ளூர்க் காவல் தலைவர்களே சரிபார்க்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் மாவட்டம் போன்ற ‘கவுன்டி’ அளவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் காவல் அதிகாரியே ஷெரிஃப். மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவின் ரிச்சர்டு மாக் ஆகிய இரு ஷெரிஃபுகள், மத்திய அரசின் வேலையைச் செய்யுமாறு தங்களுக்கு ஆணையிட அதற்கு அதிகாரமில்லை என்று வழக்காடினர். 1997-இல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அவர்கள் வென்றனர். மத்திய அரசு தன் சட்டத்தைத் தன் அதிகாரிகளைக் கொண்டே நடத்திக்கொள்ள வேண்டும், மாநில அலுவலர்களை ஏவலாட்களாக்கக் கூடாது என்பது நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா எழுதிய தீர்ப்பின் சாரம்.

இந்த நெறியின் மீதே நியூ ஹாம்ப்ஷயர் பின்னர் கட்டடம் எழுப்பியது. உரிமமின்றியே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டத்தில் ஆளுநர் கிறிஸ் சுனுனு 2017-இல் கையெழுத்திட்டார். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டங்களை மாநில அலுவலர்கள் நடைமுறைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2022-இல் வந்தது. ஒத்துழைக்க மறுப்பதற்கும் மத்தியச் சட்டத்தையே செல்லாதென அறிவிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மிசௌரி மாநிலம் கற்றுக்கொண்டது. சில மத்தியத் துப்பாக்கிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லா என்று 2021-இல் அது இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்தது; மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024-இல் அதை உறுதிசெய்தது. கை கட்டி நிற்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. கதவை அடைக்கும் உரிமை இல்லை.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, மத்திய அரசு ஆணையிட்ட இடத்தில் மாநிலம் வென்றதும், பணம் கொடுத்துக் கேட்ட இடத்தில் தோற்றதும் புலப்படும். தன் வருவாயை ஒரு மாநிலம் தானே சுருக்கிக்கொள்ளும் அளவுக்கு, வெளியிலிருந்து வரும் நிபந்தனைப் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் வலிமையும் அதற்குச் சுருங்குகிறது. வரியை எதிர்ப்பதையே தன்னுரிமையின் முழு வடிவமாகக் கொள்வோர் எதிர்கொள்ளத் தவறும் முரண் இதுவே. விளைவு, அதே மாநிலத்தின் நெடுஞ்சாலையோரத்திலேயே காணக்கிடைக்கிறது: நியூ ஹாம்ப்ஷயரில் 20 வயது இளைஞர் ஒருவர் உரிமமின்றிச் சட்டைக்குள் கைத்துப்பாக்கியோடு நடமாடலாம், ஹாம்ப்டனில் அவருடைய மாநில அரசே நடத்தும் கடையில் ஒரு புட்டி மது வாங்க முடியாது.

(தொடரும்)