பம்பு இல்லை, கரண்டு இல்லை... மாடிக் குழாயில் வெந்நீர்!

சுவிட்சைத் தட்டினால் கீஸரில் வெந்நீர். இதில் என்ன அதிசயம்? சுவிட்சே இல்லாத காலத்தில், வெறும் அடுப்பு நெருப்பு செய்த மாயங்களைக் கேளுங்கள்!

* இங்கிலாந்து வீடுகளில் கணப்புக்குப் பின்னால் ஒரு கொதிகலன் ஒளிந்திருந்தது தெரியுமா? பெயர் 'பேக் பாய்லர்'. கூடத்தில் குளிர்காய மூட்டிய நெருப்பே, மாடியில் குளிக்கவும் வெந்நீர் தந்தது!

* அந்த வெந்நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றியது எது தெரியுமா? வெறும் 28 கிராம்! 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,000 கிராம். 80 டிகிரியில் 972 கிராம்தான். சூடானது லேசாகி மேலே ஏறும், ஆறியது கனத்துக் கீழே இறங்கும். நெருப்பு இருக்கும்வரை இந்தச் சுற்று ஓயாது. இதுதான் 'தெர்மோசைஃபன்'. ஃபோர்டின் புகழ்பெற்ற 'மாடல் டி' கார் எஞ்சினைக் குளிரவைத்ததும் இதுவே. இன்று நம் மொட்டைமாடி சோலார் ஹீட்டர்கள் பலவற்றில் ஓடுவதும் இதுவே!

* கடும் பனியில் இந்தக் கொதிகலன்கள் வெடித்ததும் உண்டு, தெரியுமா? குழாயில் தண்ணீர் உறைந்து வழி அடைபட்டால் ஆபத்துதான். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும்! அதனால்தான் பாதுகாப்பு வால்வு உயிர்காக்கும் பொருளானது.

* கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த போஸ்கோரியாலே பண்ணை வீட்டில் என்ன கிடைத்தது தெரியுமா? குளியலறைக்கு வெந்நீர் அனுப்பிய ஈயக் கொதிகலனும் குழாய்களும்!

* 1912-இல் இயற்பியல் நோபல் வென்ற குஸ்டாஃப் டாலன், அதே ஆண்டு விபத்தில் பார்வையை இழந்தார். பத்தாண்டு கழித்து அவர் உருவாக்கியது என்ன தெரியுமா? ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் 'ஆகா' சமையல் அடுப்பு! பின்னாளில் அதன் சில மாடல்கள் வீட்டுக்கே வெந்நீர் தந்தன.

* ஜப்பானின் 'கோயமோன்புரோ'வில் இரும்புத் தொட்டிக்கு அடியிலேயே தீ மூட்டுவார்கள். கால் சுடாதா? மிதக்கும் மரப்பலகையை மிதித்து அமுக்கி, அதன்மேல் உட்கார்ந்து குளிப்பார்கள்!

* ரஷ்யாவின் சமோவாருக்கும் நம் வீட்டுச் செம்பு பாய்லருக்கும் ஒரே அமைப்பு, தெரியுமா? நடுவில் தணல் எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர். நெருப்பை நீரே சூழ்ந்திருப்பதால் சூடு வெளியே தப்புவது குறைவு!

* நம் கொடியடுப்பு மட்டும் சளைத்ததா? பிரதான அடுப்பில் சோறு வேகும். அங்கிருந்து பக்கவாட்டில் பாயும் அனலில் வெந்நீர்த் தவலை காயும். தனி விறகு கிடையாது! மூட்டிய தீயின் சூட்டை முழுசாகப் பயன்படுத்திய அந்தப் புத்திக்கு நூறு சபாஷ்!